கேடயத்தில் ஒரு கொக்கு: உங்கள் சுவிஸ் கிராமத்தின் சின்னத்தை வாசிப்பது எப்படி?

சுவிட்சர்லாந்தில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்து பதிவு முடிந்த கையோடு கடிதங்கள் வரத் தொடங்கும். குப்பை எடுக்கும் நாள்களின் அட்டவணை, பிள்ளையின் பாடசாலை விவரம், வரிப் படிவம், நாய் வளர்த்தால் அதற்கும் ஒரு வரி. அனுப்புவது கெமைன்டே, அதாவது ஊராட்சி. கடிதத் தலைப்பில் விரல் நக அளவில் ஒரு கேடயம் அச்சாகியிருக்கும். அதே கேடயத்தைத் தீயணைப்பு வண்டியின் கதவிலும் ஊராட்சிக் கட்டடத்தின் சுவரிலும் பார்க்கலாம். ஓகஸ்ட் 1 தேசிய நாளில் சுவிஸ் கொடி, மாநிலக் கொடி, ஊர்க்கொடி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும். ஜெர்மன் பேசுவோர் இந்தச் சின்னத்தை வாப்பன் என்பார்கள்.

வில், புலி, கயல் என்று மூவேந்தர் சின்னங்களைக் கேட்டு வளர்ந்த நமக்குச் சின்னம் என்றால் அரசனுடையது. இங்கே சில நூறு பேர் மட்டும் வாழும் மலைக் கிராமத்துக்கும் சொந்தச் சின்னம் உண்டு. சுவிஸில் இன்று ஏறத்தாழ 2,100 கெமைன்டேக்கள் இருக்கின்றன.

இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயனும் இருக்கிறது. சுவிஸ் குடியுரிமை நாடு, மாநிலம், ஊர் ஆகிய மூன்று படிகளில் கிடைக்கிறது. கடவுச்சீட்டில் பிறந்த ஊருக்குப் பதிலாக, உங்களைக் குடியாக ஏற்ற ஊரின் பெயர் ஏறும். அதற்கான நேர்காணலில் சில ஊர்களில் உள்ளூர் விஷயங்களையும் கேட்பார்கள். சின்னத்தைக் கேட்காமலே விடலாம். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஊரின் பழைய கதையில் பாதி கைக்கு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னம் ஊரின் படம் அல்ல. கேடயத்தில் மலை இருந்தால் அது சன்னலுக்கு வெளியே தெரியும் மலை, கரடி இருந்தால் அந்தக் காட்டில் கரடி திரிந்தது என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் வாசிப்பு தடம் மாறுகிறது. பெரும்பாலான சின்னங்கள் சொல்வது இந்த ஊர் ஒரு காலத்தில் யார் கையில் இருந்தது என்பதை. மற்றபடி ஊர்ப்பெயரை வைத்துச் செய்த விளையாட்டு, கோவில் புனிதர், நிலத்துத் தொழில். அவ்வளவுதான்.

முதல் படி: கண்ணால் கண்டதைச் சொல்லாக்குங்கள்

சின்னவியல் மரபில் சின்னத்தின் மூல வடிவம் ஓவியம் அல்ல, ஒரு வாக்கியம். முதலில் தளத்தின் நிறம், பிறகு அதன்மேல் இருக்கும் உருவம், பிறகு உருவத்தின் நிறம். சூரிச் ஏரிக்கரையில் இருக்கும் கியூஸ்னாக்ட் ஊரின் சின்னத்தை இப்படிச் சொல்லலாம்: சிவப்புத் தளத்தில் பொன்னிறத் தலையணை, மூலைகளில் குஞ்சங்கள். இந்த வாக்கியத்துக்கு உட்பட்டு எந்த ஓவியரும் தன் பாணியில் வரையலாம். தலையணை சற்றுப் பருத்தாலும் மெலிந்தாலும் சின்னம் அதேதான்.

நிறங்கள் சிலவே. ரோட் சிவப்பு, ப்ளாவ் நீலம், க்ரூன் பச்சை, ஷ்வார்ட்ஸ் கறுப்பு. கோல்ட் என்று எழுதியிருந்தால் மஞ்சளாகவும் சில்பர் என்றிருந்தால் வெள்ளையாகவும் அச்சாகும். பொன், வெள்ளி இரண்டும் உலோகங்கள், மற்றவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் வைக்கக் கூடாது என்பது பழைய விதி. போர்க்களத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும், அதற்காக. விதியை மீறியவர்களும் உண்டு: துர்காவ் மாநிலச் சின்னத்தின் வெள்ளைப் பாதியில் பொன் சிங்கம் நிற்கிறது. 1803இல் மாநிலம் உருவானபோது அமைந்தது. சின்னவியல் அறிந்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே இருக்கிறார்கள், சிங்கம் அசையவில்லை.

இடம், வலம் நமக்கு எதிர்மாறு. கேடயத்தைப் பிடித்திருக்கும் வீரனின் பக்கமிருந்துதான் கணக்கு. ஆகவே ‘வலப்புறம்’ என்று விவரணை சொன்னால் பார்க்கிற நமக்கு அது இடப்புறம். விலங்குகள் வழக்கமாக அந்தப் பக்கத்தையே நோக்கும். கொடியில் என்றால் கம்பத்தை நோக்கும்.

விலங்கு இருந்தால் அதன் நகம், நாக்கு, இன்னும் சில உறுப்புகளின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது அற்ப விஷயம் இல்லை. 1579இல் செயின்ட் காலன் நகரில் லேயோன்ஹார்ட் ஸ்ட்ராவ்ப் என்ற அச்சகத்தார் ஒரு நாட்காட்டி வெளியிட்டார். அதில் பக்கத்து மாநிலமான அப்பென்செல்லின் சின்னத்திலுள்ள கரடிக்கு ஆண்குறி வரையப்படவில்லை. எங்கள் கரடியைப் பெண்ணாக்கி அவமதித்துவிட்டார்கள் என்று அப்பென்செல் கொதித்தெழுந்தது. சண்டை மூளும் நிலைக்கே போய், நாட்காட்டியைத் திரும்பப் பெற்ற பிறகுதான் அடங்கியது. இன்றும் அந்தக் கரடி சிவப்பு நகங்களோடும் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆண்மையோடும்தான் நிற்கிறது.

பயிற்சிக்கு வாகனங்களின் பின் இலக்கத்தகடு போதும். ஒரு பக்கம் சுவிஸ் சிலுவை, மறுபக்கம் மாநிலச் சின்னம். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது அதைச் சொல்லாக்கிப் பாருங்கள்.

இரண்டாம் படி: பொருளைக் கேட்பதற்கு முன் வயதைக் கேளுங்கள்

வரிசையில் இதுதான் முக்கியமான படி. பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். கேடயம், சிங்கம், வாள் என்று பார்த்தவுடன் எண்ணூறு வருடம் பழையது என்று தோன்றும். பல ஊர்களின் சின்னம் நம் தாத்தா காலத்தது.

1939இல் சூரிச் நகரில் சுவிஸ் தேசியக் கண்காட்சி நடந்தது. மே மாதம் தொடங்கி ஒக்டோபர் இறுதிவரை. இடையில் செப்டெம்பரில் உலகப் போரும் வெடித்துவிட்டது. அந்தக் கண்காட்சியில் உயர்மட்ட நடைபாதை ஒன்றின்மேல் நாட்டின் எல்லா ஊர்களின் கொடிகளையும் கூரை போலத் தொங்கவிட்டார்கள். ஏறத்தாழ 3,000 கொடிகள். பக்கத்து நாட்டில் ஹிட்லர், இங்கே நான்கு மொழி. நாங்கள் எல்லாரும் ஒரே நாடு என்று காட்ட வேண்டிய நேரம். ஆனால் கொடி கேட்டால் கொடுக்கப் பல கிராமங்களிடம் சின்னமே இல்லை. இருந்த சிலவும் ஆளுக்கொரு விதமாக வரையப்பட்டிருந்தன. அந்தக் கண்காட்சியை ஒட்டிய ஆண்டுகளில் மாநில ஆவணக் காப்பகத்தாரும் சின்னவியல் ஆர்வலர்களும் ஊர் ஊராகப் பழைய முத்திரைகளையும் எல்லைக்கற்களையும் கண்ணாடிச் சன்னல்களையும் தேடினார்கள். கிடைத்த இடத்தில் அதைத் திருத்தி எடுத்துக்கொண்டார்கள். கிடைக்காத இடத்தில் புதிதாக ஆக்கினார்கள்.

ஆகவே உங்கள் ஊர்ச் சின்னத்துக்கு இரண்டு வயது இருக்கலாம்: உருவத்தின் வயது ஒன்று, ஊர் அதை ஏற்ற ஆண்டு இன்னொன்று. 13ஆம் நூற்றாண்டுப் பிரபுவின் சிங்கத்தை 1930களில் ஒரு குழு கூடி எடுத்து வைத்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ‘அந்தக் காலத்திலிருந்தே எங்கள் கொடி’ என்று சொல்லும் உள்ளூர்ப் பெரியவரிடம் மறுத்துப் பேச வேண்டாம். தலையாட்டிவிட்டு ஆண்டைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: யாருடைய விலங்கு?

தலைப்பில் சொன்ன கொக்கு க்ரூயேரின் கொக்கு. ஃப்ரிபூர்க் மாநிலத்தில், பிரெஞ்சு பேசும் பகுதியில், குன்றின்மேல் கோட்டையோடு இருக்கும் சிற்றூர். அதன் பெயரைக் கொண்ட பாலாடைக்கட்டியைக் கடையில் வாங்கியிருப்பீர்கள். சின்னம்: சிவப்புத் தளத்தில் வெள்ளைக் கொக்கு. பிரெஞ்சில் கொக்குக்கு க்ரூ என்று பெயர். க்ரூயேர் பிரபுக்கள் பெயருக்கு ஏற்ற பறவையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது மலைகளைத் தாண்டி பேர்ன் மாநிலத்துக்கு வாருங்கள். ஸானென் என்ற ஊராட்சி; பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாட வரும் க்ஸ்டாட் இதற்குள்தான் இருக்கிறது. பேச்சு ஜெர்மன், மதம் புரட்டஸ்தாந்து. ஜெர்மனில் கொக்கு வேறு சொல், ஊர்ப் பெயரோடு ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் ஸானெனின் சின்னத்தில் அதே கொக்கு நிற்கிறது. ஊரைச் சுற்றி நீர்நிலை தேடினாலோ பறவை சரணாலயம் தேடினாலோ விடை கிடைக்காது. ஸானென் க்ரூயேர் பிரபுக்களின் ஆட்சியில் இருந்தது. கடைசிப் பிரபு மிஷேல் கடனில் மூழ்கி 1554இல் திவாலானார். கடன்காரர்களான பேர்னும் ஃப்ரிபூர்க்கும் அடுத்த ஆண்டே நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. பேர்ன் பங்கில் விழுந்த ஊர்கள் மதம் மாறின, மாநிலம் மாறின. கொக்கு மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது.

அதனால் உங்கள் கேடயத்தில் ஒரு விலங்கோ பறவையோ இருந்தால், ஊருக்கு முன்னால் பக்கத்து ஊர்களைப் பாருங்கள். ஒரே உருவம் திரும்பத் திரும்ப வந்தால் பழைய ஆட்சியின் எல்லையை நடந்து அளக்கிறீர்கள் என்று பொருள். அடிக்கடி எதிர்ப்படும் சிலவற்றைச் சொல்கிறேன். பொன் தளத்தில் சிவப்புச் சிங்கம் ஹப்ஸ்பூர்க் குடும்பத்தினுடையது. பின்னாளில் ஆஸ்திரியாவை ஆண்டவர்களின் மூலக் கோட்டை ஆர்காவ் மாநிலத்தில்தான் இருக்கிறது. துர்காவ், வின்டர்தூர் பக்கத்துச் சிங்கங்கள் கீபூர்க் பிரபுக்களிடமிருந்து வந்தவை. அந்த வம்சம் 1264இல் ஆண் வாரிசின்றி முடிந்து சொத்து ஹப்ஸ்பூர்க்குக்குப் போனது. கிராவ்பூண்டன் மலைகளில் காட்டாடு கண்டால் கூர் நகர ஆயர். வோ மாநிலத்தில் சிவப்பின்மேல் வெள்ளைச் சிலுவை கேடயத்தின் ஓரம்வரை நீண்டிருந்தால் அது சுவிஸ் சிலுவை அல்ல, சவோய் குடும்பத்தினுடையது; 1536இல் பேர்ன் கைப்பற்றும்வரை அந்தப் பகுதி அவர்களுடையது. சுவிஸ் சிலுவையின் கைகள் ஓரத்தைத் தொடாது.

மடாலயங்களும் நிலவுடைமையாளர்களே. இரண்டு காக்கைகள் (சரியாகச் சொன்னால் அண்டங்காக்கைகள்) என்றால் ஐன்ஸீடெல்ன் மடம். துறவி மைன்ராட் 861இல் கொள்ளையரால் கொல்லப்பட்டபோது அவர் வளர்த்த இரண்டு காக்கைகள் கொலைகாரரைச் சூரிச்வரை துரத்திக் காட்டிக்கொடுத்தன என்பது கதை. கிழக்கே செயின்ட் காலன் வட்டாரத்தில் கரடி வந்தால் துறவி கல்லுஸ் நினைவு: விறகு கொண்டுவந்து போட்ட கரடிக்கு அவர் ரொட்டி கொடுத்தாராம். அப்பென்செல்லின் கோபக்காரக் கரடியும் இந்த மடத்துக் கரடியின் வாரிசுதான்.

நான்காம் படி: பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள்

ஆட்சியாளர் யாரும் பிடிபடவில்லை என்றால் விடை ஊர்ப்பெயரில் ஒளிந்திருக்கலாம். ஷாஃப்ஹவுசன் என்றால் ஷாஃப், செம்மறியாடு, சின்னத்தில் கிடா. அப்பென்செல் மலைகளில் ஹுண்ட்வில் என்றொரு கிராமம். ஹுண்ட் நாய், சின்னத்திலும் நாய். மக்கள் வெளியில் கூடிக் கையுயர்த்தி வாக்களிக்கும் மாநிலப் பேரவை 1997வரை ட்ரோகன் ஊரோடு மாறி மாறி இங்கே நடந்தது. பெயரைப் பார்த்து ஊரைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

இந்த வகைச் சின்னத்தை வைத்துப் பெயரின் வரலாற்றை எழுதிவிடவும் கூடாது. கியூஸ்னாக்டின் தலையணை உள்ளூர்ப் பேச்சில் தலையணைக்கான சொல்லை ஒத்த ஒலியால் வந்தது. பெயரோ ரோமர் காலத்தது: கொஸினியுஸ் என்பவரின் பண்ணை என்ற பொருள்தரும் ‘கொஸினியாக்கும்’ என்ற லத்தீன் பெயர். அங்கே யாரும் பஞ்சு அடைக்கவில்லை.

ஐந்தாம் படி: கோவிலுக்குப் போய் வாருங்கள்

புனிதர்களின் முழு உருவத்தைவிட அவர்களின் கருவி மட்டுமே சின்னத்தில் வருவது அதிகம். சாவி என்றால் பேதுரு. நீட்வால்டன் மாநிலத்தின் இரட்டைச் சாவி அப்படி வந்தது. இரும்புத் தட்டி லாரன்ஸ், பற்கள் கொண்ட சக்கரம் கத்தரீனா, சிப்பி யாக்கோபு, இரண்டாகக் கிழிக்கும் போர்வையும் வாளும் மார்ட்டின். இவை ஐரோப்பா முழுதுக்கும் பொது. உள்ளூர்க்காரர்களும் உண்டு: சீப்பும் குடமும் வெரேனா, அவள் கல்லறை ஆர்காவின் பாட் சுர்சாக்கில். வலே மாநிலத்தில் பிசாசு மணி சுமந்து நின்றால் பயப்படாதீர்கள், தேயோடுல் ஆயரின் கதை.

உங்கள் ஊர்த் தேவாலயம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் போதும், இந்தப் படி ஐந்து நிமிடத்தில் முடியும். இன்று புரட்டஸ்தாந்து ஊராக இருந்தாலும் கேளுங்கள். மதச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புனிதர் கோவிலை விட்டுப் போயும் கேடயத்தில் தங்கியிருப்பார்.

ஆறாம் படி: எண்ணிக்கையை நம்பிவிடாதீர்கள்

நட்சத்திரம், மலை, அலை. இவற்றில் முதல் இரண்டும்தான் ஆளை ஏமாற்றுபவை.

கேடயத்தின் அடியில் மூன்று பச்சை மேடுகள் வரும், ஜெர்மனில் ட்ரைபெர்க். பெரும்பாலும் அது உருவம் நிற்க ஒரு தரை, அவ்வளவே. அலையலையான பட்டை நம்பகமானது: ஆறோ ஓடையோ இருக்கும். ஆர்காவ் மாநிலச் சின்னத்தின் கறுப்புப் பாதியில் ஓடும் வெள்ளை அலைகள் ஆரே ஆறு. நட்சத்திரம்தான் சிக்கல். ஒரு ஊரில் அது குக்கிராமங்களின் எண்ணிக்கை, இன்னொன்றில் வெறும் இட நிரப்பி. வெட்டிங்கென் ஊரில் அலைகளுக்குமேல் இருக்கும் ஒற்றை நட்சத்திரம் மாதா: 1227இல் நிறுவப்பட்ட அந்த ஊர் மடத்தின் பெயரே லத்தீனில் ‘கடலின் விண்மீன்’. மடத்தை நிறுவிய ராப்பர்ஸ்வில் பிரபு கடலில் புயலில் சிக்கி நட்சத்திரம் கண்டு பிழைத்ததாகச் சொல்வார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எந்த ஆண்டின் எண்ணிக்கை என்று கேளுங்கள். யூரா மாநிலக் கொடியில் ஏழு பட்டைகள், ஏழு மாவட்டங்களுக்காக. 1979இல் மாநிலம் பிறந்தபோது அதில் சேர்ந்தவை மூன்றே மாவட்டங்கள். பட்டை குறையவில்லை. என் பார்வையில் சுவிஸில் இதைவிட வெளிப்படையாக அரசியல் பேசும் சின்னம் இல்லை.

ஊர்கள் இணையும்போதும் இந்தக் கணக்கு வரும். கிளாருஸ் மாநிலத்தில் 2011இல் 25 ஊராட்சிகள் மூன்றாக இணைந்தன. இப்படி இணையும் இடங்களில் புதுச் சின்னத்தில் பழைய ஊருக்கு ஒன்று வீதம் இலையோ நட்சத்திரமோ வைப்பது வழக்கம். பழைய ஊர்க்கொடியும் வீட்டு முற்றங்களில் பறந்துகொண்டிருக்கும். கெமைன்டே கடிதத்தில் ஒரு சின்னம், பக்கத்து வீட்டுக் கொட்டிலில் வேறொன்று என்று குழம்பினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஏர்க்கொழு, ஆலைச் சக்கரம், திராட்சைக் குலை, தேவதாரு மரம் போன்றவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. ஏர்க்கொழு மட்டும் நிலத்திலிருந்து எடுத்ததா, அந்தப் பெயர்கொண்ட குடும்பத்திலிருந்து எடுத்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரிபார்க்க எங்கே போவது

கெமைன்டேயின் இணையதளத்தில் ஊர் அறிமுகப் பகுதியில் வாப்பன் என்ற தலைப்பு இருக்கும். ஜெர்மன் விவரணை வாக்கியத்தை அங்கிருந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது சுவிட்சர்லாந்தின் வரலாற்றுக் கலைக்களஞ்சியம். இணையத்தில் இலவசம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் ஊர் வாரியாகக் கட்டுரை உண்டு. உங்கள் ஊர் எந்தப் பிரபு, எந்த மடம், எந்த நகரத்தின் கீழ் இருந்தது என்பது அங்கே தெரிந்துவிடும். ஏற்ற ஆண்டும் விவாதமும் வேண்டுமானால் மாநில ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். ஜெர்மன் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. ஊர்ச் சின்னத்தைப் பற்றிக் கேட்டு வரும் வெளிநாட்டுப் பெயருள்ள கடிதத்துக்குப் பதில் எழுதுவதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கும் என்பது என் ஊகம்.

கடைப் பலகையில் போடலாமா?

கடை, உணவகம், டாக்சி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஊர்ச் சின்னம் சட்டத்தால் காக்கப்பட்டது. 2017 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள கூட்டாட்சிச் சட்டப்படி கேடயச் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமை அந்தந்த ஊராட்சிக்கே உரியது. உங்கள் மசாலாக் கடையின் பெயர்ப்பலகையிலோ விலைச்சீட்டிலோ அதைப் பொறித்தால் அரசு சார்ந்த நிறுவனம் என்ற தோற்றம் வரும், அதைத்தான் சட்டம் தடுக்கிறது. விழா அலங்காரத்துக்கும், விழாவுக்கென்று செய்யும் கிண்ணம் போன்ற கைவினைப் பொருள்களுக்கும் விதிவிலக்கு இருக்கிறது. கொடியின் கதை வேறு: யாரையும் ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை ஊர்க்கொடியை யாரும் பறக்கவிடலாம், ஓகஸ்ட் 1க்கு மாடத்தில் தொங்கவிட அனுமதி கேட்க வேண்டியதில்லை. தமிழ்ப் பாடசாலை விழா அழைப்பிதழில் சின்னத்தை அச்சிட நினைத்தால் மட்டும் ஊராட்சி எழுத்தருக்கு முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.